தூக்கும், தாங்காது: பழைய குட்டி டிராக்டருக்கு வீட்டு வைத்தியம்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் எங்கள் சந்து. தேனி பஸ்சும் திண்டுக்கல் பஸ்சும் போட்டி போட்டு ஹாரன் அடிக்கும் நேரத்தில் என் டிராக்டர் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. சைலன்சரில் கை காட்டித்தான் பார்க்க வேண்டும். நிலம் துவரிமான் பக்கம், ஒன்றேமுக்கால் ஏக்கர். வண்டியை வயலில் விட்டுவந்தால் மறுநாள் பேட்டரி இருக்காது. அதனால் சாயங்காலம் வீட்டுக்கே ஓட்டிவந்து, அப்பா காலத்தில் மாட்டுக்கொட்டமாக இருந்த இடத்தில் நிறுத்திவிடுகிறேன்.

மிட்சுபிஷி சக்தி (18.5 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர்), மஹிந்திரா யுவராஜ் 215 (15 குதிரைத்திறன், ஒரே சிலிண்டர்) என்று தென்னந்தோப்புக்கும் வாழைக்கும் நடுவே புகுந்து வரும் குட்டி வண்டிகளின் சாதிதான் என்னுடையதும். மூன்றாவது கை. பெயர் வேண்டாம். அதன் குறைகளில் பாதி எனக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் கொடுத்தவை, மீதி நான் கொடுத்தவை.

ஹைட்ராலிக் லிஃப்ட் மக்கர் செய்ததும் "பம்பு போச்சுண்ணே" என்று யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் பம்பு போயிருக்காது. ஆயில், வடிகட்டி, ஐம்பது ரூபாய் ரப்பர் வளையம் என்று மலிவானதிலிருந்து தேடிக்கொண்டு போனால் பாதி வழியிலேயே நோய் பிடிபட்டுவிடும். கீழே உள்ளவை அப்படித் தேடித் தேடி நான் கற்றுக்கொண்டவை, முதலில் லிஃப்டுக்கு, பிறகு வண்டியின் மற்ற பாகங்களுக்கு.

1. எந்த வேலைக்கும் முன்னால் லிஃப்டை இறக்கிக் கலப்பையைத் தரையில் உட்கார வையுங்கள். லிஃப்ட் தூக்கும், தாங்காது. உள்ளே பாரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது கொஞ்சம் ஆயிலும் ஒரு ரப்பர் வளையமும்தான். யாராவது நெம்புகோலில் கை வைத்தாலும், சீல் கிழிந்தாலும், கலப்பை கீழே வரும். தூக்கி வைத்துத்தான் வேலை பார்க்க வேண்டும் என்றால் அடியில் கனமான மரக்கட்டை கொடுங்கள். நான் பனந்துண்டு இரண்டு வைத்திருக்கிறேன். செங்கல்லும் ஹாலோபிளாக்கும் உதவாது. பாரம் ஓர் ஓரத்தில் ஏறினால் சொல்லாமல் உடையும்.

2. மணி மீட்டர் பழைய வண்டிகளில் பெரும்பாலும் செத்துப்போயிருக்கும். தினசரி காலண்டர் தாளிலேயே "3 மணி, ரோட்டவேட்டர்" என்று கிறுக்கி வையுங்கள். எஞ்சின் ஆயில் மாற்றி எத்தனை மணி ஆச்சு என்ற கேள்விக்கு "போன பொங்கலுக்கு" என்பது பதிலாகாது.

3. ஆயில் அளவு பார்க்கும்போது வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், லிஃப்ட் இறங்கியிருக்க வேண்டும், எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் ஆகியிருக்க வேண்டும். லிஃப்ட் மேலே இருந்தால் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் தங்கிவிடும். கம்பி குறைவாகக் காட்டும். எங்கள் தெரு சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கிறது. ஒரு வருஷம் முழுக்கத் தெருவில் நிறுத்தி அளந்து, தேவைக்கு மேல் ஊற்றி, அது பின்னச்சு சீல் வழியே வெளியே வந்த பிறகுதான் புத்தி வந்தது.

4. ஆயிலின் நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மேலே நுரை கட்டினால் பம்பு காற்றை உறிஞ்சுகிறது. கறுத்துத் தீய்ந்த வாடை வந்தால் சூட்டில் வெந்திருக்கிறது. விரலில் தேய்த்தால் மினுமினுப்பாகத் தூள் பட்டால் உள்ளே ஏதோ தேய்கிறது. சந்தேகம் இருந்தால் கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள். தண்ணீர் நிறைய இருந்தால் அடியில் தனியாக நிற்கும். கொஞ்சமாக இருந்தால் பிரியாது. அதற்கு ஒரு பழைய தகர மூடியை நன்றாகச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, தள்ளி நின்று இரண்டே சொட்டு விடுங்கள். தாளிக்கும் கடுகு போலச் சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் உண்டு. சும்மா புகைந்தால் இல்லை. வீட்டுத் தோசைக்கல்லில் இதைச் செய்துவிட்டு என்னிடம் வராதீர்கள்.

5. தண்ணீர் எப்படி உள்ளே போகிறது? தொழி (சேற்றுழவு) அடிக்கும்போது வண்டியின் வயிறு வரை சேற்றில் நிற்கிறது. கியர் லீவரின் ரப்பர் தொப்பி கிழிந்திருந்தால், மூச்சுவிடும் ஓட்டையின் மூடி காணாமல் போயிருந்தால், பிடிஓ (பின்னால் கருவிகளைச் சுழற்றும் தண்டு) சீல் தேய்ந்திருந்தால் அந்த வழிதான். கியர் லீவர் தொப்பிக்குத் தற்காலிகமாகச் சைக்கிள் டியூபை வெட்டிக் கம்பியால் இறுக்கிக் கட்டலாம். "தற்காலிகம்" என்று நான் கட்டியது நாலு வருஷமாக இருக்கிறது. மூச்சு ஓட்டையை மட்டும் அடைக்கக் கூடாது. சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தள்ளிவிடும்.

6. தண்ணீர் கலந்து வெளுத்த ஆயிலை வடித்துவிட்டு அன்றைக்கே புது ஆயில் ஊற்றி முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மூலை முடுக்கில் பழையது ஒட்டியிருக்கும். வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, சூட்டோடு வடித்து, ராத்திரி முழுக்கச் சொட்ட விடுங்கள். புது ஆயில் ஊற்றிச் சில மணி நேரம் ஓட்டியபின் மீண்டும் நிறம் பாருங்கள். மறுபடி வெளுத்தால் இன்னொரு முறை மாற்றத்தான் வேண்டும். எந்த ஆயில் என்பதில் கடைக்காரர் கை காட்டுவதை விட வண்டிப் புத்தகம் சொல்வதைக் கேளுங்கள். பல வண்டிகளில் கியர்பாக்சுக்கும் லிஃப்டுக்கும் ஒரே ஆயில். பிரேக்கும் அதே ஆயிலில் மூழ்கி ஓடும் வண்டி என்றால் அதற்கென்று உள்ள வெட் பிரேக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். சாதா கியர் ஆயிலை ஊற்றினால் பிரேக் கத்தும், பிடிமானமும் குறையும்.

7. உறிஞ்சு பக்கத்துக் கம்பிவலை வடிகட்டியை டீசலில் கழுவி, உள்ளிருந்து வெளியே காற்றடித்துக் காய வையுங்கள். காகித பில்டரைக் கழுவக் கூடாது, மாற்ற வேண்டும். இங்கே என் பாவக்கதை ஒன்று. மதுரை மில் ஊர். நூல் வேஸ்ட் மலிவாகக் கிடைக்கும். அதை வைத்துத்தான் ஆயில் தொட்டியின் உட்புறத்தைப் பளபளவென்று துடைத்தேன். அடுத்த வாரமே லிஃப்ட் ஊமையானது. வந்த மெக்கானிக் தம்பி பம்பைக் கழற்றலாம் என்றார். சரி, முதலில் வலையைப் பார்ப்போம் என்று எடுத்தால் அதில் ஒரு திரி விளக்கேற்றும் அளவுக்குப் பஞ்சு. "அண்ணே, பம்புக்கு நீங்களே சொக்காய் தைச்சுப் போட்டிருக்கீங்க" என்றார். இழை விடாத பழைய வேட்டித்துணிதான் உள்வேலைக்கு. நூல் வேஸ்ட் கை துடைக்க மட்டும்.

8. லிஃப்ட் என்ன செய்கிறது என்பதைச் சரியாகச் சொல்ல முடிந்தாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

அறவே தூக்கவில்லை என்றால் முதலில் ஆயில் அளவு, பிறகு நெம்புகோலிலிருந்து உள்ளே போகும் கம்பி கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். பெர்குசன் வழிவந்த சில பழைய வண்டிகளில் பம்பு பிடிஓ தண்டிலிருந்தே ஓடும். பிடிஓ நெம்புகோல் நியூட்ரலில் இருந்தால் லிஃப்டும் தூங்கும். இதற்காக ஷெட்டுக்கு இழுத்துப் போனவர்கள் உண்டு.

மெதுவாகத் தூக்கினால் வடிகட்டி அடைப்பு, அல்லது உறிஞ்சு குழாய் இணைப்பில் காற்று. காற்று இழுத்தால் லிஃப்ட் விட்டுவிட்டு ஏறும், பம்பும் முனகும்.

காலையில் நன்றாகத் தூக்கி, வெயிலேறியதும் சோம்பினால் ஆயில் நீர்த்துப்போகிறது. தவறான ஆயிலா என்று பாருங்கள். ஆயில் சரி, வடிகட்டி சரி என்றால் அப்போதுதான் பம்பைச் சந்தேகப்பட வேண்டும்.

தூக்கி நிறுத்தியதும் கலப்பை கோயில் யானை போலத் தலையாட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஆயில் கசிகிறது. கீழே இறங்க இறங்க லிஃப்ட் தானே சரிசெய்து மேலே இழுக்கிறது. பிஸ்டன் சீலோ வால்வோ தேய்ந்திருக்கும்.

உச்சிக்குத் தூக்கியதும் 'வீல்' என்று கத்தினால் பயப்பட வேண்டாம். அது ரிலீஃப் வால்வ் ஆயிலைத் திருப்பி விடும் சத்தம். நெம்புகோலைக் கொஞ்சம் கீழே விட்டால் நின்றுவிட வேண்டும். அப்படியே விட்டு வைத்தால் ஆயில் கொதிக்கும்.

9. பிஸ்டன் சீல் எப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு சாக்பீஸ் பரிசோதனை. கலப்பையோடு தூக்கி எஞ்சினை அணையுங்கள். லிஃப்ட் கையின் உயரத்தைப் பக்கவாட்டில் நின்றபடி சுவரில் ஒரு கோடு போட்டு வையுங்கள். பத்து நிமிடத்தில் ஒரு சாண் இறங்கினால் சீல் அல்லது வால்வ் போய்விட்டது. ஒரு ராத்திரியில் இறங்கியிருந்தால் அது வயசான வண்டியின் இயல்பு. அதற்கு வைத்தியம் பார்க்கப் போனால் உங்கள் பர்சுதான் இறங்கும்.

10. ரிலீஃப் வால்வை இறுக்கினால் கூடுதல் எடை தூக்கும் என்று சொல்லும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். வீட்டில் குக்கரின் சேஃப்டி வால்வைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவோமா?

11. ஆயில் ஒழுகும் இடத்தைக் கையால் தடவித் தேடக் கூடாது. இதை இரண்டு முறை படியுங்கள். கார் டயரில் இருப்பது 30 பவுண்டு அழுத்தம். லிஃப்ட் குழாயில் 2000 பவுண்டு அளவுக்கு ஏறும். ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீய்ச்சும் ஆயில் கண்ணுக்கே தெரியாது. ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைப்பெட்டித் துண்டைக் காட்டிப் பாருங்கள், ஈரம் படும் இடம் தெரியும். எஞ்சினை அணைத்து, லிஃப்டை இறக்கி, நெம்புகோலை இரண்டு முறை ஆட்டி அழுத்தத்தை விட்ட பிறகே இணைப்பைத் தொடுங்கள். யாருக்காவது கையில் பட்டுவிட்டால் வெளியே முள் குத்தினது போலத்தான் இருக்கும், வலியும் உடனே இருக்காது. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுப் படுக்க வேண்டாம். நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் "பிரஷர் ஆயில் தோலுக்குள்ளே போயிருக்கு" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். ஒரு நாள் தாமதித்தால் விரலே போகலாம்.

12. ஆயில் சீலின் முகத்தில் மூன்று எண்கள் இருக்கும்: உள்வட்டம், வெளிவட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். எண் அழிந்திருந்தாலும் பழையதை எறியாதீர்கள். கடைக்கு அதையே கொண்டு போங்கள். செல்போன் படம் போதாது, ரப்பர் வளையத்துக்குப் படத்தில் அளவு தெரியாது. மாட்டும்போது ஸ்பிரிங் உள்ள உதடு ஆயில் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். உதட்டில் ஆயில் தடவி, மேலே தட்டையான மரத்துண்டு வைத்து, சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டி இறக்குங்கள். புது சீல் போட்டும் ஒழுகினால் தண்டில் விரல்நகத்தை ஓட்டிப் பாருங்கள். பழைய சீல் தின்ற பள்ளம் தட்டும். அடுத்த முறை சீலை இரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே உட்கார வைத்தால் உதடு தேயாத இடத்தில் ஓடும். தண்டு மாற்றும் செலவு மிச்சம்.

13. செம்பு வாஷர் ஒருமுறை நசுங்கினால் கெட்டியாகிவிடும். மறுபடி போட்டால் ஒழுகும். கேஸ் அடுப்பில் இடுக்கியால் பிடித்துச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போடுங்கள். மெத்தென்று ஆகிவிடும். நட்டமில்லாமல் இரண்டு மூன்று முறை ஓட்டலாம். அலுமினிய வாஷரிடம் இந்த விளையாட்டு வேண்டாம், அடுப்பிலேயே உருகும்.

14. கேஸ்கெட் போடும் இடத்தில் அனபாண்ட் பசையை மெல்லிய கோடாகத் தடவினால் போதும். கல்யாண வீட்டுச் சந்தனம் போல அப்பினால் உள்ளே பிதுங்கி, துண்டு துண்டாக உதிர்ந்து, ஏழாவது குறிப்பில் சொன்ன அதே வலையைப் போய் அடைக்கும்.

15. சில நேரம் வண்டியில் குறையே இருக்காது, நெம்புகோல்தான் தப்பு. இரண்டு நெம்புகோல் உள்ள வண்டியில் ஒன்று உயரத்தைப் பிடிக்கும், இன்னொன்று இழுவையைப் பார்க்கும். அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன் கண்டுபிடித்து, 1939-இல் போர்டு 9என் டிராக்டரோடு பெரிய அளவில் விற்பனைக்கு வந்த ஏற்பாடு அது. கலப்பை இறுகினால் மேல்கம்பி தள்ளப்படும். லிஃப்ட் அதை உணர்ந்து தானே கொஞ்சம் தூக்கிக்கொடுக்கும். அதற்கு முன்பெல்லாம் பின்னால் சும்மா இழுபட்ட கலப்பை கல்லில் மாட்டினால் வண்டியின் முகம் வானத்தைப் பார்க்கும். அந்த ஏற்பாட்டின் வாரிசு வண்டிகளைத் தயாரிக்கும் டாஃபே, 1960-இல் சென்னையில் தொடங்கியது; நம் பக்கத்தில் கல்லடிப்பட்டியிலும் அதற்குத் தொழிற்சாலை உண்டு. புழுதி உழவுக்கு இழுவை நெம்புகோல். ரோட்டவேட்டருக்கும் தொழிக்கும் உயர நெம்புகோல். மாற்றி வைத்தால் கலப்பை தன்னிஷ்டத்துக்கு ஏறி இறங்கும், பழி பம்பின்மேல் விழும். குட்டி வண்டிகளில் பலவற்றுக்கு ஒரே நெம்புகோல்தான். அவற்றில் இந்தத் தொல்லை இல்லை.

16. சேற்றிலிருந்து ஏறியதும் முதலில் அச்சுகளைப் பாருங்கள். வைக்கோல், கொடி, உரச்சாக்கு நைலான் இழை இவை சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே சுற்றிக்கொண்டு சீலைக் கத்தி போல அறுக்கும். முன்சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் இதுதான் முதல் எதிரி. பழைய அரிவாள் முனையால் அறுத்து இழுத்துவிடுங்கள், காய்ந்த பிறகு கல்லாகிவிடும். கழுவுவதற்காக வண்டியைக் கண்மாய்க்குள் இறக்குவது வேண்டாம். சூடான கியர்பாக்ஸ் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் தண்ணீரை உள்ளே உறிஞ்சும்.

17. கிரீஸ் அடிப்பது கழுவிய பின். புது கிரீஸ் சேற்றுக் கிரீஸை வெளியே தள்ளி, நிறம் மாறி வரும்வரை அடியுங்கள். நிப்பிள் அடைத்திருந்தால் கழற்றி டீசலில் ஊறப்போடுங்கள். மறந்துபோகிற இடங்கள்: டாப் லிங்க் மரை, கிளட்ச் பெடல் அச்சு, லிஃப்ட் கை உட்காரும் இடம்.

18. டீசல் தீர்ந்து நின்ற வண்டி, டீசல் ஊற்றினால் மட்டும் கிளம்பாது, ஏர் பிடித்திருக்கும். பில்டர் மேலுள்ள சிறு திருகை அரைச்சுற்று தளர்த்தி, கைப்பம்பை அடித்தால் நுரை நுரையாக வரும். நுரை நின்று கண்ணாடி போல டீசல் வந்ததும் இறுக்குங்கள். பிறகு டீசல் பம்பின் திருகிலும் அதே வேலை. நாசில் பைப்பில் கை வைக்காதீர்கள். பதினொன்றாவது குறிப்பின் ஆபத்து அங்கேயும் உண்டு. கேனில் வாங்கும் டீசலை மடித்த பனியன் துணியில் வடித்து ஊற்றினால் பில்டரின் ஆயுள் கூடும்.

19. ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் ஊர் போர் தண்ணீர் வெந்நீர் அண்டாவில் என்ன வெள்ளைக் காறையைப் படியவிடுகிறதோ அதையே எஞ்சினுக்குள்ளும் படியவிடும். கூலண்ட், டிஸ்டில்ட் வாட்டர். வெளியே தகடுகளில் அடைந்த பதரை எஞ்சின் பக்கமிருந்து மெல்லிய தண்ணீரால் வெளியே தள்ளுங்கள். பழைய டூத்பிரஷ் போதும். சூட்டில் மூடியைத் திறக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் ஆண்டுதோறும் யாராவது திறக்கிறார்கள்.

20. மதுரை வெயிலும் மேலக்கால் ரோட்டுப் புழுதியும் சேர்ந்தால் ஏர் கிளீனருக்குத் தினமும் வேலை. ஆயில் கிண்ணம் உள்ளது என்றால் கிண்ணத்தின் அடியில் அரை விரல் சேறு நின்றதும் மாற்றுங்கள். கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றினால் எஞ்சின் அதையும் குடிக்கும்.

21. பேட்டரி முனையில் பூத்த நீல, வெள்ளை உப்பின் மேல் வெந்நீர் ஊற்றினால் கரைந்து ஓடும். காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துத் தீப்பொறி பறக்கக் கிளப்பும் வித்தை வேண்டவே வேண்டாம். கியரில் இருந்தால் வண்டி கிளம்பி, நிற்கிற உங்கள் மேல்தான் ஏறும். எர்த் பட்டை துரு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், பாதி செல்ஃப் நோய் அங்கே.

22. எலிக்குப் பாச்சா உருண்டை போட்டுப் பார்த்தேன். உருட்டி விளையாடியது. வண்டிப் பக்கத்தில் நெல் மூட்டை, கடலைச் சாக்கு வைக்காமல் இருப்பதுதான் மருந்து. மழைக்கு சைலன்சர் வாயில் பால்பவுடர் டப்பாவைக் கவிழ்த்து, ஒரு சிவப்புத் துணியை அதிலிருந்து ஸ்டீயரிங் வரை கட்டிவிடுங்கள். டப்பாவை எடுக்க மறந்து கிளப்ப மாட்டீர்கள்.

23. வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றினால் ஆரப்பாளையத்தில் அது போய்ச் சேரும் இடம் வைகைதான். கேனில் பிடித்து வைத்துப் பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள். கொஞ்சம் மட்டும் எடுத்து, ஓய்வில் இருக்கும் கலப்பைக் கொழுவில் துருவுக்குத் தடவிக்கொள்ளலாம்.

24. டீசல் பம்பு, வண்டியை நடுவில் பிளக்கும் கிளட்ச் வேலை, லிஃப்ட் வால்வின் உட்பகுதி, இவை மூன்றும் வீட்டு வேலை அல்ல. வால்வின் தண்டு தலைமுடியில் பாதி இடைவெளி கூட இல்லாமல் ஓடுவது. எமரி தாளால் தேய்த்தால் போச்சு.

25. இவை எல்லாவற்றையும் வைகாசியிலேயே முடித்துவிடுங்கள். ஜூனில் பெரியாறு பிரதான வாய்க்காலில் இருபோகத்துக்குத் தண்ணீர் விட்டார்கள் என்று பேப்பரில் வந்துவிட்டால், பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கரும் ஒரே நேரத்தில் உழவுக்கு நிற்கும். மெக்கானிக்குகள் அத்தனை பேரும் வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பக்கம் போய்விடுவார்கள். போன் அடித்தால் "தொழியில நிக்கிறேன்ணே, ஒரு வாரம் கழிச்சுப் பேசுங்க" என்றுதான் வரும். அதற்கு முன் ஒரு லிஃப்ட் சீல் செட், இரண்டு பில்டர், ஒரு விசிறி பெல்ட், ஐந்து லிட்டர் ஆயில் வாங்கி கொட்டத்துப் பரணில் போட்டு வையுங்கள். கூடவே சைக்கிள் டியூப் ஒரு முழம்.